இரண்டு கரண்டும் ஒன்றல்ல!

“ஆஸ்பத்திரியிலே அத்தனை நாள் கரண்டு வெச்சாங்க. அதுக்கே ஒண்ணும் ஆகலே. இந்தப் பார்லர் கரண்டா என்னைச் சாய்க்கப் போகுது?”

புற்றுநோய் வைத்தியம் முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண் இப்படிக் கேட்டால் சிரிக்கத் தோன்றும். சிரிக்கிற விஷயம் இல்லை.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஜனங்கள் வைத்த பெயர் “கரண்டு வைப்பது”. அழகு நிலையத்தில் முகத்தில் வைத்து இழுக்கிற மெஷினும் “கரண்டு”தான். பெயர் ஒன்றாகிப் போனதால் வந்த வினை இது!

பெரும்பாறையில் காப்பிப் பழம் பறிக்கப் போகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மார்பிலே கட்டி. மதுரைக்குப் போய் ஆபரேஷன், கீமோ, கரண்டு மூன்றும் முடிந்தன. உயிர் தப்பியது. ஆனால் முகம் கறுத்துவிட்டது. புருவம் கொட்டிவிட்டது. மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பந்தலில் நாலு பேர் உற்றுப் பார்ப்பார்களே!

மலையை விட்டு டவுனுக்கு இறங்கினால் கருமை போக்க லேசர், தோலை இறுக்க மெஷின், புருவத்துக்கு ஊசி மை, தழும்புக்கு ஊசி ரோலர் எல்லாம் கிடைக்கிற காலம் இது. “வாங்கக்கா, அரை மணி நேரந்தான், வலிக்கவே வலிக்காது” என்று கூப்பிடுகிறார்கள். அக்காவும் உட்காருகிறாள்.

கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

தோல் மறப்பதில்லை

ஆஸ்பத்திரியில் வைப்பது கதிர். இத்தனை அளவு, இந்த இடம் என்று டாக்டரும் இயற்பியல் நிபுணரும் கணக்குப் போட்டு, உடம்பில் மையால் கோடு கிழித்து வைக்கிறார்கள். அது கட்டியின் செல்லை அழிக்கிறது. வழியில் இருக்கிற தோலையும் விட்டு வைப்பதில்லை. அந்த இடத்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் நலிந்து போகின்றன. வெளியே பார்த்தால் ஆறிய மாதிரி இருக்கும். வருஷங்கள் கழித்தும் அங்கே ஒரு சூடு பட்டால் மற்ற இடம் மாதிரி சீக்கிரம் ஆறாது. அந்தத் தோலின் மேல் லேசரையோ, சூடு ஏற்றும் மெஷினையோ வைத்தால் என்ன ஆகும்?

கீமோ நடக்கும்போது இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றிய பிறகும், பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்களும் குறையும். அந்த நேரத்தில் முகம் பூராவும் ஊசி ரோலரை உருட்டுவது, கிருமிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல! 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடி வா என்று சொல்லி அனுப்பப்பட்டவள் அவள். சில கீமோ மருந்துகளால் வெளிச்சம் பட்டாலே தோல் வெந்து போவதும் உண்டு.

மார்பு ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நெறிக்கட்டி முடிச்சுகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையும் ஜாக்கிரதை. நிணநீர் வடிகிற வழி அடைபட்ட கை அது. சின்னச் சூடு, சின்னக் கீறல் போதும். கிருமி பிடித்துக் கை வீங்கிவிடும். வீக்கம் நிலைத்துவிட்டால் காப்பிக் கூடை தூக்குவது எப்படி?

இன்னொன்றும் உண்டு. மச்சம் என்று நினைத்து லேசரால் அழிக்கச் சொல்கிறார்கள். அது சாதாரண மச்சமா, தோல் புற்றா என்று பார்க்காமலே அழித்துவிட்டால் பரிசோதனைக்கு மிச்சம் ஏது?

மெஷின் மேல் பழி வேண்டாம்

லேசர் வெளிச்சத்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு புரளி ஓடுகிறது. அது தவறு. அந்த வெளிச்சம் எக்ஸ்ரே போன்றது அல்ல. சொல்லப்போனால், புற்றுநோய் சிகிச்சையில் வாய் புண்ணாகாமல் தடுக்கச் சிவப்பு லேசர் வெளிச்சத்தை மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். யார் வைக்கிறார், எப்போது வைக்கிறார், எந்த இடத்தில் வைக்கிறார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. புற்றுநோய் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று மின்சார அழகு மெஷின்கள் பலவற்றின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதை யார் புரட்டுகிறார்?

“சாகப் பிழைக்கக் கிடந்தவளுக்கு அழகு ஒரு கேடா?” என்று பேசுகிறவர்கள் வாயைக் கட்ட வேண்டும். இந்த ஏச்சுக்குப் பயந்துதான் டாக்டரிடம் கேட்காமல் போகிறார்கள். பார்லரிலும் நோயைச் சொல்வதில்லை. தலைமுடி போனவள் கண்ணாடி பார்க்க ஆசைப்படுவது குற்றமா என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997 சட்டம் இருக்கிறது. 2018-ல் விதிகளும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தாரே, அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் உரிமம்தான் என்று பிறகுதானே தெரிந்தது! வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு அழகு அறுவை செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்ல வேண்டியதாயிற்று. உயிர் போன பிறகு பூட்டுப் போடுவது யாருக்கு லாபம்?

செலவில்லாத வேலைகள் சில உண்டு. லேசரும் சூட்டு மெஷினும் வைத்திருக்கிற ஒவ்வொரு நிலையத்திலும் “புற்றுநோய் சிகிச்சை எடுத்தவரா? முதலில் சொல்லுங்கள்” என்று தமிழில் போர்டு மாட்ட சுகாதாரத் துறை உத்தரவு போடலாம். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில், எந்த இடத்தில் கதிர் வைத்தது, எந்தக் கையைக் காப்பாற்ற வேண்டும், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீடு வீடாக ஊழியர்கள் போகிறார்கள். சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒரு வார்த்தையையும் மலையேற்றிக் கொண்டுபோய்ச் சொன்னால் என்ன?

பார்லர் நடத்துகிறவர்களும் சீட்டைக் கேட்டுப் பார்க்கட்டும். சீட்டு இல்லையென்றால், “டாக்டரைக் கேட்டுட்டு வாங்கக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று திருப்பி அனுப்பட்டும். பெரும்பாறைப் பெண்ணுக்கு ஒரு பஸ் சார்ஜ் கூடுதலாகும். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.