அலை எட்டாத இடம்

திருவனந்தபுரத்தில் வானொலி ஒலிபரப்பு 1943 ஆம் ஆண்டு மார்ச் 12 ஆம் நாள் தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர் அரசின் நிலையம். 1950 ஏப்ரல் 1 ஆம் நாள் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. பின்னர் 1984 இல், இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அண்டையிலுள்ள நாகர்கோவிலில் அமைந்தது. இத்துணைப் பழமை வாய்ந்த பகுதியிலும் வானொலியின் குரல் எல்லாரையும் ஒன்றுபோல் சென்றடைவதில்லை. ஒலிபரப்பை விரிவாக்க முனைவோர், குரல் எட்டாத இடங்களில் வாழ்பவரையே முதலில் எண்ண வேண்டும்.

இன்று பெரிதும் விரும்பப்படுவது பண்பலை. அதன் ஒலி தெளிவானது; இரைச்சல் குறைந்தது. ஆயினும் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும். பூமியின் வளைவு அவற்றுக்கு எல்லை வகுக்கிறது. 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் பண்பலை, சமவெளியில் சுமார் 40 கிலோமீட்டர் வரை நன்கு கேட்கும். அத்தொலைவை இருமடங்காக்க, கோபுரத்தின் உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஆதலால் மின்திறனைக் கூட்டுவதால் மட்டும் இச்சிக்கல் தீராது.

திருவனந்தபுரத்தின் நில அமைப்பு இச்சிக்கலை மேலும் கடினமாக்குகிறது. கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர் மலை. அதன் அடிவாரப் பள்ளத்தாக்குகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். மலைமுகடுகள் மறைக்கும் இடங்களில் பண்பலை நலிந்துவிடும். மேற்கே பரந்து கிடக்கிறது அரபிக்கடல். பூந்துறை, விழிஞ்ஞம் மீனவரும், தமிழ்நாட்டின் தூத்தூர், குளச்சல் மீனவரும் அக்கடலில்தான் தொழில் செய்கின்றனர். கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றபின் கைபேசியும் அவர்களுக்குப் பயன்படுவதில்லை.

கடலுக்கு ஏற்றது மத்திய அலையே. திருவனந்தபுரம் நிலையத்தின் 1161 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 258 மீட்டர் நீளமுடையது. இத்தகைய அலை தரையைத் தழுவிச் செல்லும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடற்பரப்பில் அது நிலத்தைவிட நெடுந்தொலைவு பயணம் செய்யும்.

மத்திய அலைக்கு உயர்ந்த கோபுரமும், பரந்த நிலமும், மிகுந்த மின்சாரமும் தேவை, கேட்போரும் குறைந்துவிட்டனர், ஆகவே அதனைக் கைவிடலாம் என்று சிலர் கூறுவர். செலவைப் பற்றிய அவர்களது கவலை நியாயமானதே. ஆனால் கேட்போரின் எண்ணிக்கை மட்டும் பொது வானொலிக்கு அளவுகோல் ஆகாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரையில் இருந்தோரால் அவர்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை. பலர் வீடு திரும்பவே இல்லை. அத்தகைய நாளில், படகிலுள்ள ஒரு சிறு வானொலிப் பெட்டியின் மதிப்பைச் செலவுக் கணக்கில் எழுதிவிட முடியுமா?

எனவே விரிவாக்கம் இருவழிகளில் நடைபெற வேண்டும். மலைப்பகுதிகளில் சிறு அஞ்சல் ஒலிபரப்பு நிலையங்களை நிறுவலாம். 2023 ஏப்ரல் 28 ஆம் நாள், நாடெங்கும் 100 வாட் திறனுடைய 91 பண்பலை ஒலிபரப்பிகள் ஒரே நாளில் தொடங்கப்பட்டன. அவ்வழி இங்கும் பொருந்தும். மலை தடையாக மட்டுமின்றித் துணையாகவும் அமையக்கூடும் என்பதற்குக் கொடைக்கானல் பண்பலை சான்று. மலைமேல் நிற்கும் அக்கோபுரத்தின் ஒலி, தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கேட்கிறது. கடலுக்கோ மத்திய அலையைக் காத்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அலை சென்றடைந்தாலும் மொழி புரியாவிடில் செய்தி சென்றடைந்ததாகாது. இரு மாநில மீனவரும் ஒரே கடலில் இருப்பதால், புயல் எச்சரிக்கை மலையாளத்திலும் தமிழிலும் ஒலிக்க வேண்டும். வானொலி அலை மாநில எல்லையை அறியாது, புயலும் அவ்வாறே. உயிர்காக்கும் செய்திக்கும் அவ்வெல்லை இருத்தல் கூடாது.