படித்தவர் பேச வேண்டும்

ஓசூரில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடைபெற்று வருகிறது. ஜனங்கள் திரளாக வருகிறார்கள், புத்தகங்கள் விலையாகின்றன, மாலைதோறும் பெயர் பெற்ற பேச்சாளர்கள் மேடையில் முழங்குகிறார்கள். இவை யாவும் மகிழத்தக்கனவே. ஆயினும் பந்தல் பிரித்த பிறகு, வாங்கிச் சென்ற புத்தகம் என்னவாயிற்று, அதை யார் படித்தார், படித்தவர் உள்ளத்தில் என்ன பட்டது என்று கேட்பார் ஒருவருமில்லை. நூறு பேர் நூறு புத்தகங்களைத் தனித்தனியே படித்துவிட்டு வாய்மூடி இருப்பார்களாயின், அவ்வூரில் நூறு புத்தகங்கள் இருக்கின்றன என்று சொல்லலாமேயன்றி, படிப்பு இருக்கிறது என்று சொல்ல நாம் ஒருப்படோம்.

ஓசூரை அடுத்த சானமாவை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் யானைகள் வந்து தங்கும் காப்புக்காடு. அதை ஒட்டிக் கேழ்வரகும் தக்காளியும் விளையும் நிலங்கள். சற்று தூரத்தில், 1970-களில் சிப்காட் ஏற்பட்டது முதல் பெருகிவரும் ஆலைகள். வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை என்று தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் அநேகம். இத்தகைய இடத்தில் புத்தகத்தைப் பற்றிய பேச்சைப் புதிதாகக் கொண்டுவந்து நட வேண்டும் என்று பட்டணத்தார் எண்ணுவது தவறு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள் நடப்பதை நேயர்கள் அறிவார்கள். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்லுவார். தருமன் மனைவியைப் பணயம் வைத்தது தகுமா, கர்ணன் செஞ்சோற்றுக்கடன் கழித்தது நியாயமா என்று கேட்டவர்கள் மரத்தடியில் வாதிப்பார்கள். அவர்களிலே எழுத்தறியாதவர் உண்டு. ஆனாலும் ஒரு நூல் அவ்வூரில் உயிரோடு நடமாடியது. எழுத்தறிவு பரவிய பிறகு அந்த வாதம் அடங்கிப்போனது விந்தையிலும் விந்தை.

சானமாவுக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி செய்ததும் ஏறக்குறைய அந்தப் பிரசங்கியார் வேலைதான். சட்டமும் அரசாங்கமும் நன்கறிந்த அம்மனிதர், தாம் படித்த வியாச பாரதத்தைக் 'கல்கி' பத்திரிகையில் வாரந்தோறும் எளிய தமிழில் சொல்லிவந்தார். அதுவே 'வியாசர் விருந்து' ஆயிற்று. எல்லைக்கு அப்பால், மாலூர் தாலுகாவிலே, 1891-ல் தோன்றியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் அவர் பேசியது தமிழ், எழுதியது கன்னடம். 1834-ல் ஆங்கிலேயர் கைப்பற்றிய குடகு நாட்டின் கடைசி அரசனைப் பற்றி அவர் எழுதிய 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் நாவல், தன் அரசன்மீது வெறுப்புற்ற நாடு அந்நியன் கைக்கு எங்ஙனம் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுவது. 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஓசூரிலுள்ள தமிழ் வாசகருள் எத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள்? அதைக் கன்னடத்திலே படித்தவர் அடுத்த வீட்டிலேயே இருக்கக்கூடும். இவர் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மாகாண எல்லையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்த எல்லையையும் சிறிது கவனிக்கலாகாதா?

நூலகங்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் இடைவிடாத முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. சானமாவுக் குடியானவரும் அதைச் செலுத்துகிறவரே. பல கிளைகளில் 'வாசகர் வட்டம்' என்ற பெயரால் ஓர் அமைப்பும் இருக்கிறது. ஆனால் அதன் கூட்டங்கள் பெரும்பாலும் எப்படி நடக்கின்றன? வெளியூர்ப் பிரமுகர் ஒருவர் வருவார், பொன்னாடை போர்த்தப்படும், அவர் ஒரு மணி நேரம் பேசுவார், வாசகர்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் அருந்தி வீடு திரும்புவார்கள். வாசகர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் வாசகர் ஒருவருக்கு மட்டும் பேச இடமில்லை!

ஒருவர் தாம் படிக்கும் புத்தகத்தை மற்றொருவருக்குச் சொல்வதால் என்ன விளைந்துவிடும் என்று அலட்சியம் செய்வோர் 1904-ஆம் வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியடிகளிடம், வழியில் படிக்கும்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்தார் நண்பர் ஹென்றி போலாக். அது ஜான் ரஸ்கின் எழுதிய 'அன்டு திஸ் லாஸ்ட்'. எடுத்த புத்தகத்தைக் காந்தியடிகள் கீழே வைக்கவில்லை. அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் பண்ணை தோன்றிற்று. 1908-ல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்ற பெயரால் அவரே எழுதி வெளியிட்டார். போலாக் அங்கே பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. தமக்குப் பிடித்த புத்தகத்தை நண்பர் கையில் வைத்தார், அவ்வளவே.

பண்டிதர் அல்லாதார் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் பிழைபடப் பேசுவார்களே என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் சாட்சியை நாம் தீர்ப்புச் சொல்லும்படி கேட்பதில்லை. கண்டதைச் சொல்லும்படியே கேட்கிறோம். வாசகரிடமும் அதுவே போதும். எந்தப் பக்கத்தில் நின்றீர், எது விளங்கவில்லை, எதை ஒப்ப மறுத்தீர் என்று கேட்டால் ஆலைத் தொழிலாளியும் பதில் சொல்லுவார். பாதி படித்தவரும் பேசலாம்; அவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்பது சில வேளைகளில் முழுவதும் படித்தவர் புகழுரையைக் காட்டிலும் பயனுள்ளது.

காலம் குறிப்பதில்தான் சங்கடம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் சானமாவுக் காட்டுக்கு வந்துவிடுகின்றன; பொழுது சாய்ந்தால் குடியானவர் பயிர்க் காவலுக்குப் போயாக வேண்டும், மற்றவர் வெளியே வர அஞ்சுவர். ஆலைத் தொழிலாளருக்கோ ஷிப்டு முறை வாரந்தோறும் மாறும். விடுதிகளில் தங்கிக் கைத்தொலைபேசி ஆலைகளில் உழைக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களும் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்து வந்த அவர்களை விட்டுவிட்டு வாசகர் கூட்டம் என்று பெயரிடுவது நகைப்புக்கிடமாகும். ஆகையால் மாலைக் கூட்டம் உதவாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பகல் 11 மணிக்கு நூலகத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ கூடலாம். தலைவர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஒருவருக்குப் பத்து நிமிஷம். எந்த பாஷையில் படித்தாரோ அந்த பாஷையிலேயே பேசட்டும். சொன்ன புத்தகங்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த கொள்முதலில் அவற்றைக் கேட்டு வாங்க நூலகருக்கும் வசதியாயிருக்கும்.

முதற் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தால் போதுமானது. மாஸ்தியின் கதையைப் படித்த கன்னட நண்பர் ஒருவரைத் தேடிப் பிடித்து முதலில் பேசச் சொல்லுமாறு ஓசூர் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அங்கே ஆட்பஞ்சம் இல்லை.