வேலியோரக் கனியும் நமது இரசாயனமும்

சிவகாசி மாணாக்கனை நோக்கி, வாணத்தின் செந்நிறம் எதனால் வந்ததென்று வினவின், ஸ்ட்ராண்டியம் உப்பினால் என்றும், பச்சை பேரியத்தால் என்றும் தயங்காது பகர்வான். தன்னூர்க் கரிசற்காட்டிற் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் போகத் தரையில் தேய்த்துத் தின்று சிவந்த நாவிற்குக் காரணம் யாதெனின் வாய் திறவான். இதனை நாம் பெருங்குறையென்றே கருதுகின்றோம்.

கள்ளிச்சாறும் நாவற்சாறும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே, பொருள் வேறு. நாவலினது ஆந்தோசயனின், கள்ளியினது, பீட்ரூட்டிலுமுள்ள பீட்டானின். தெளிந்த சுண்ணாம்புநீர் சில துளி விடின் முன்னது நீலமும் பச்சையுமாய்த் திரியும், பின்னது மஞ்சளாகும். நிறம் ஒத்தமையால் அறிஞருமே மயங்கி, பீட்டானினை நைட்ரஜன் கலந்த ஆந்தோசயனின் என்று நெடுநாள் எழுதிவந்தனர். 1960-களில் அதன் கட்டமைப்பு விளங்கிய பின்னரே பீட்டாலைன் எனத் தனிவகுப்பு ஏற்பட்டது.

சுண்ணாம்பு வகுப்பைக் காட்டுமேயன்றிப் பெயரைச் சொல்லாது. அதற்குத் தாளிற் சாற்றைப் பிரித்தலும், ஒளியை உறிஞ்சுமிடத்தை அளத்தலும் வேண்டும். பீட்டானினுக்கு அது 535 நானோமீட்டரை அடுத்தது.

ஆயினும், கருவிக்கு முன் வேண்டுவது ஒன்றுண்டு. ‘காட்டுப்பழச் சாறு’ என்று மட்டும் எழுதும் ஆய்வேட்டை நாம் ஒப்போம். காரையா, சூரையா, களாவா? எங்கே, எப்பருவத்திற் பறித்தது? மணத்தக்காளியின் பச்சைக்காயில் சோலனின் மிகுதி, கனியிற் குறைவு. பருவங் குறியாதவன் நஞ்சையும் உணவையும் ஒன்றாக எழுதிவிடுவான். இப்பெயர்களையும் பருவங்களையும் நன்கறிந்தோர் ஆடு மேய்க்கும் முதியோரே. புதர்கள் வீட்டுமனைகளாகுமுன், இவ்விடுமுறையிலேயே நம் மாணாக்கர் குறிப்பேட்டுடன் அவர்பாற் செல்வாராக.