ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்குத் திறன்பலகை எதற்கு?

கல்வியில் நவீன தொழில்நுட்பம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் மலையகத்தைப் பொறுத்தவரை காலங்கடந்த ஒன்று. வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த வேலைக்கு, யாருடைய கையில், எந்த மொழியில் என்ற மூன்று கேள்விகள்தான் இன்னமும் விடையின்றி நிற்கின்றன. பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் சில ஆண்டுகள் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்தவன் என்ற முறையில் இவை குறித்து என் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயில் பாதையில் வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையில் வரும் சிறிய நிலையம் றொசல்ல. பயணிகள் யன்னல் வழியே தேயிலை மலைகளைப் படம் பிடித்துக்கொண்டு கடந்து செல்லும் இடம். அம்மலைகளின் மடிப்புகளுக்குள் இருக்கும் லயங்களும் பாடசாலைகளும் படத்தில் விழுவதில்லை. தொழில்நுட்பம் பற்றிய திட்டங்களும் பெரும்பாலும் இவ்வாறே ரயிலில் இருந்தபடி பார்த்து எழுதப்பட்டவைதாம்.

2020 மார்ச் 13 முதல் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. பாடங்கள் வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் இடம்பெயர்ந்தன. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஒரு காம்பராவில் மூன்று பிள்ளைகள், ஒரே கைத்தொலைபேசி. அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினார்கள். நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பானது நல்ல முயற்சிதான். ஆயினும் தொலைக்காட்சியிடம் கேள்வி கேட்க முடியாது. அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கல்வியோடு ஓரளவேனும் பிணைத்து வைத்தவர்கள், பயிற்சித்தாள்களை அச்சிட்டு லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்களே. புத்தாக்கம் என்ற சொல்லுக்கு நான் கண்ட சிறந்த உதாரணம் அதுதான்.

புத்தாக்கம் என்றால் இயந்திரம் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் அதனை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் பாடசாலைகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. செலவு கொஞ்சம் மணல் மட்டுமே.

நமக்கு அருகிலேயே இன்னொரு முன்னுதாரணம் உண்டு. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் கொத்மலை சமூக வானொலியில் ஒரு பரிசோதனை நடந்தது. கிராமத்தவர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, கேட்பவருக்கு விளங்கும் மொழியில் ஒலிபரப்புவார்கள். வீட்டில் கணினி இல்லாதவருக்கும் இணையத்தின் பயன் கிடைத்தது. அங்கே இணையத்துக்கும் மனிதருக்கும் நடுவில் இன்னொரு மனிதர் இருந்தார். வெற்றியின் இரகசியம் அவரே. ஆனால் அந்த நிகழ்ச்சிகளின் மொழி பெரும்பாலும் சிங்களம். அடுத்த மலையிலிருந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது எட்டியது குறைவு.

இயந்திரத்தை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பெரு நாடு சான்று. பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தை அங்கு பெருமளவில் நடைமுறைப்படுத்தினார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்ட மதிப்பீடு, கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் புள்ளிகள் உயர்ந்ததற்கான சான்று இல்லை என்றது. யுனெஸ்கோவும் 2023இல் தன் உலகக் கல்வி அறிக்கையைத் தொழில்நுட்பத்துக்கே ஒதுக்கி, இந்தக் கருவி யாருடைய நிபந்தனைகளின்படி வருகிறது என்று கேட்டது.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை அலட்சியப்படுத்த முடியாது. "பௌதிகவியல் ஆசிரியர் வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டுமா? நல்ல ஆசிரியர் ஒருவரின் பாடத்தைத் திரையில் காட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய பாடம் பெரும் வரப்பிரசாதம். ஆனால் அது இடைக்கால ஏற்பாடாக இருக்க வேண்டும். திரை வந்துவிட்டது என்ற காரணத்தால் ஆசிரியர் வெற்றிடம் மறக்கப்படுமானால், அந்தத் திரை உண்மையில் ஒரு திரைச்சீலைதான்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டளவில் மலையக இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்த்தபோதுகூட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னரே அது 10,000 ஆனது. மலிவான மாற்றீட்டைத் தந்து உரியதைத் தள்ளிப்போடுவது நமக்குப் பழகிய கதை.

ஆகவே திறன்பலகை வேண்டாம் என்று நான் கூறவில்லை. அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உள்ளன. கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும் திகதியை உபகரணம் வழங்கும் விழாவிலேயே அறிவிக்க வேண்டும். இணையம் இல்லாமலும் இயங்கும் தமிழ்மொழிப் பாடங்கள் வேண்டும். சிங்களத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்தவை போதா. மலை மழையிலும் மின்தடையிலும் பழுதாகும் கருவியைத் திருத்த ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் அந்தப் பாடசாலையின் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நன்கொடையாளர்களாக இருக்கும் புலம்பெயர் வாசகர்களுக்கும் இது பொருந்தும். ஒரு கணினியின் விலைக்கு, அத்தோட்டத்திலேயே உயர்தரம் சித்தியெய்திய ஒருவரை மாலை வகுப்பு நடத்தச் சில மாதங்கள் அமர்த்தலாம். கணினிக்குப் பெயர்ப்பலகை போட்டுப் படம் எடுக்கலாம். மாலை வகுப்புக்கு அது இயலாது. ஆனாலும் கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.