கத்துனவனுக்கு மட்டும் பத்து ஆட்டமா?

பத்து ஆட்டம் தடை. ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். அதற்கு மேல் பொது மன்னிப்பு கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அபராதம் பத்து லட்சமாகும். மனுசன் கொலையா பண்ணிட்டான்? தன் பையன்களை மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டான். 2023 மார்ச் 31 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு கொடுத்த தண்டனை இது. கிளப்புக்குத் தனியாக நாலு கோடி. மன்னிப்பு கேட்காவிட்டால் ஆறு கோடி.

மம்சாபுரத்துக்காரனுக்கு இதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. சென்னைக்குப் போக ராத்திரி பூரா ரயிலில் கிடக்க வேண்டும். செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டினாலே மலையாளம் காதில் விழுந்துவிடும். கொச்சியில் வேலை பார்த்த காலத்தில் கலூர் மைதானத்தில் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கூட்டத்துக்குள் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவன் நான். அப்படி ஒரு தடவை நின்றவனுக்கு வேறு டீமைப் பிடிக்காது. சென்னையின் எஃப்.சி. அன்பர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். நாக் அவுட். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போனது ஆட்டம். பெட்டிக்கு வெளியே பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக். எங்கள் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் ஆட்களை நகர்த்திச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கண் பந்தில் இல்லை. விசில் சத்தமும் இல்லை. சுனில் செத்ரி பந்தைத் தூக்கிக் காலி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்று கை காட்டிவிட்டார்.

இவான் ஓரக்கோட்டில் நின்று கையை ஆட்டினார். பையன்கள் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பெங்களூரு ஜெயித்ததாக அறிவித்து முடித்தார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் அன்று தொடங்கி மறுநாள் காலை வரை சண்டை. பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணே, ரூல் இருக்குண்ணே. விசில் இல்லாமலே அடிக்கலாம்" என்றான். இருக்கிறதுதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஃப்ரீ கிக் கிடைத்த டீம் உடனே அடித்துக்கொள்ளலாம். ஆனால் நடுவர் குறுக்கே வந்து தூரத்தைக் குறித்துச் சுவரை நகர்த்தச் சொல்லிவிட்டால், அதன் பிறகு விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். கிளப் கொடுத்த மனுவில் சொன்னதும் இதைத்தான். நடுவர் முடிவே இறுதி என்று சொல்லி அந்த மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

செத்ரி பின்னால் ஒரு விளக்கம் கொடுத்தார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்டக்காரர் லூனாவுக்கு அது தெரியுமாம். நல்லது. லூனா காதில் விழுந்தது கில் காதில் விழவேண்டாமா? கோலைக் காக்கிறவன் அவனல்லவா? ஒரு பக்கத்துக்காரன் காதோடு பேசி முடித்த விஷயத்தை எதிர்ப்பக்கத்துக்காரன் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அவன் தலையில் கோல். செத்ரி மேல் எனக்குக் கோபம் இல்லை, கிடைத்த இடைவெளியில் அடித்தார். இதே செத்ரிதான் 2018-இல் இந்திய அணிக்காக வீடியோ போட்டு, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். கலூரில் நிற்கிற மஞ்சப்படைக்கு அந்தக் கெஞ்சல் தேவைப்படவே இல்லை, கூப்பிடாமலே வந்து கத்தின கூட்டம் அது.

தண்டனையைப் பற்றிப் பேசலாம் வாங்க. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் மாத்தராசியின் நெஞ்சில் தலையால் முட்டிச் சாய்த்ததை உலகமே பார்த்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டம் தடை. அதோடு நிற்கவில்லை, வாயால் சீண்டிய மாத்தராசிக்கும் இரண்டு ஆட்டம். முட்டினது தப்பு, சீண்டினதும் தப்பு என்று இரண்டையும் எடைபோட்டார்கள். 2014-இல் சுவாரஸ் கியெல்லினியின் தோளைக் கடித்தார், ஒன்பது சர்வதேச ஆட்டம் தடை. பல்லால் கடித்தவனுக்கு ஒன்பது, கையை ஆட்டிக் கூப்பிட்டவனுக்குப் பத்து!

ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போவது குற்றமில்லை என்று வாதாட வரவில்லை. 2012 டிசம்பரில் கொல்கத்தா டெர்பியில் மோகன் பகான் இடைவேளைக்குப் பிறகு இறங்க மறுத்தது. இரண்டு வருசம் தடை என்றார்கள். அடுத்த மாதமே தடையை எடுத்துவிட்டு, இரண்டு கோடி அபராதமும் அதுவரை எடுத்த புள்ளிகளைப் பூஜ்யமாக்குவதுமாக முடித்தார்கள். பெரிய கிளப் என்றால் இறங்கிவரத் தெரிகிறது. எங்கள் மேல்முறையீட்டை 2023 ஜூனில் தள்ளுபடி செய்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமத்து டோர்னமெண்ட் போஸ்டரில் எல்லாம் கடைசி வரியில், "நடுவரின் தீர்ப்பே இறுதியானது" என்று அச்சடித்திருப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் கம்பு நட்டு விளையாடுகிற ஆட்டத்துக்கும் அந்த வரி உண்டு. ஆனாலும் தகராறு வந்தால் கமிட்டிக்காரர்கள் இரண்டு கேப்டனையும் பந்தலுக்குக் கூப்பிட்டு, "என்னப்பா நடந்துச்சு, நீ சொல்லு" என்று கேட்பார்கள். தீர்ப்பு மாறாவிட்டாலும் வயிறு கொஞ்சம் ஆறும். கோடிக்கணக்கில் புரளுகிற லீக்கில் கோலைத் திருப்பிப் பார்க்க அன்றைக்கு ஒரு வீடியோ நடுவர்கூட இல்லை. தவறு நடந்தால் திருத்த வழி வைக்கவில்லை. வழி இல்லாதவன் வெளியே நடந்தால் மட்டும் கோடியில் அபராதம்.

பிளாஸ்டர்ஸ் மன்னிப்பும் கேட்டது, இவானும் கேட்டார். சூப்பர் கோப்பை, டூரண்ட் கோப்பை, அடுத்த சீசனின் முதல் நாலு ஆட்டம் என்று உதவியாளர் ஃபிராங்க் டாவன் ஓரக்கோட்டில் நின்றார். 2023 அக்டோபர் 27 அன்று இவான் கலூருக்குத் திரும்பிவந்த ராத்திரி ஒடிசாவை 2-1 என்று அடித்தோம். எங்கள் டீக்கடையில் அன்று நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், பெங்களூருத் தம்பிக்கும் சேர்த்து.

அந்தச் சந்தோசமும் டிசம்பர் வரைக்குந்தான். சென்னையோடு 3-3 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு நடுவர்களைப் பற்றி இவான் வாயைத் திறந்தார். ஒரு ஆட்டம் தடை, ஐம்பதாயிரம் அபராதம். நடந்து போனால் பத்து, பேசினால் ஒன்று. உட்கார்ந்து அழுதால் எத்தனை ஆட்டம் என்றும் இப்போதே சொல்லிவிடுங்கள் அய்யா.