பச்சை மண்ணு சார்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னல் சீட் கிடைப்பதும் லாட்டரியில் பரிசு விழுவதும் ஒன்று. எனக்கு அன்று விழுந்தது. பக்கத்தில் ஒரு இளைஞர். சிப்காட்டில் ஏதோ ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசராம். பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் சிநேகமாகிவிட்டோம்.

"எங்ககிட்ட டன் டன்னா கிரீன் சாண்ட் இருக்கு சார்."

"பச்சையா இருக்குமா?"

"சேச்சே, கன்னங்கரேல்னு இருக்கும்!"

அதில் தப்பில்லை. பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை என்கிறோமே, அந்தப் 'பச்சை'. சுடாத, ஈரமான மண் என்று அர்த்தம். நிலக்கரித் தூள் சேர்ப்பதால் கறுப்பு. மணல் உதிராமல் ஒட்டிக்கொள்ள பென்டோனைட் என்ற களிமண்ணைக் கலக்கிறார்கள். அதன் முக்கிய சரக்கு ஸ்மெக்டைட்.

நிஜமாகவே பச்சை நிறத்தில் ஒரு களிமண் உண்டு, பேர் கிளாக்கோனைட். அதன் பூர்வாசிரமம் பெரும்பாலும் இந்த ஸ்மெக்டைட் வகையறாதான் என்றதும் இளைஞர் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஸ்மெக்டைட்டை ஒரு சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகடுகள், நடுவே தண்ணீர் புகுந்து புறப்படும் இடைவெளி. தகடுக்குள் இரும்பு நுழைந்து, அதில் ஒரு பகுதி பிராணவாயுவை இழந்த நிலைக்கு மாறும்போது தகட்டின் எதிர் மின்சுமை கூடுகிறது. அதைச் சரிக்கட்ட, கடல்நீரில் இருக்கும் பொட்டாசியம் இடைவெளிக்குள் வந்து கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எழுந்திருக்காது. (நம் லோக்கலில் கார்னர் சீட்டுக்காரர் மாதிரி.) இரண்டு நிலை இரும்பும் கலந்து இருப்பதால்தான் பச்சை.

இது நடக்க வேண்டிய இடம் ரொம்ப சூட்சுமமானது. பிராணவாயு தாராளமாக இருந்தால் இரும்பு துருவாகிவிடும். அறவே இல்லாவிட்டால் கந்தகம் வந்து இரும்பைக் கொத்திக்கொண்டு போய் பைரைட்டாக்கிவிடும். ரெண்டும் கெட்டான் இடம் வேண்டும். கடலடியில் அது கிடைப்பது புழுக்களின் எச்சத்துக்குள்ளும், மிகச் சிறிய கடலுயிர்களின் காலி ஓட்டுக்குள்ளும்! மேலே வண்டல் வந்து அவசரமாக மூடவும் கூடாது. முற்றிப் பழுக்க லட்சக்கணக்கான வருஷம் ஆகும்.

ஆழ்கடல்தான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் வைட் தீவில், சுமார் மூன்றரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய காயல், சதுப்புப் படிவுகளில் பச்சைக் களிமண் இருக்கிறது. கோடையில் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து... ஒவ்வொரு தடவை காயும்போதும் உப்பு ஏறி, தகடுகள் பொட்டாசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

நம்மூரிலும் உண்டு. பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊர். இன்று பொட்டல், பத்துக் கோடி வருஷத்துக்கு முன் கடல். சுருள் சுருளாக அம்மோனைட் கிடைக்கும் அந்த மண்ணில் கிளாக்கோனைட் மணிகளும் இருக்கின்றன. கிழக்குக் கரைக்கு வெளியே கடலடி மண்ணில் பச்சை மணிகள் இருப்பதை, கோவாவிலிருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1995-ல் எழுதினார்கள்.

"பக்கத்துல பழவேற்காடு இருக்கே சார்?"

நல்ல கேள்வி. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்புநீர்க் காயல். கோடையில் சில இடங்களில் கடலைவிட உப்பு. ஆனால் அது புவியியல் கணக்கில் பச்சைக் குழந்தை. வயது சில ஆயிரம் வருஷம்தான். ஆரணியாறும் காளங்கியும் மழைக்கு மழை வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. காலை விட்டால் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாசனை. அந்த வாசனை வந்தாலே கந்தகம் முந்திக்கொண்டுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மீஞ்சூர் வந்தது. இளைஞர் விஷயத்துக்கு வந்தார். அவர் அப்பா பொன்னேரி பக்கம் ரெண்டு ஏக்கர் நெல் போடுகிறார். பொட்டாஷ் மூட்டை விலை ஏறும்போதெல்லாம் வீட்டில் சண்டை.

ஏறாமல் என்ன செய்யும்? பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறது. 2023-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியமான கனிமங்கள் பட்டியலில் பொட்டாஷோடு கிளாக்கோனைட்டையும் சேர்த்தார்கள்.

"அப்ப அதை அரைச்சு வயல்ல போட்டா?"

போடலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி விவசாயிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்டி வண்டியாகப் போட்டார்கள். ஆனால் கடையில் வாங்கும் பொட்டாஷில் சத்து நூற்றுக்கு அறுபது. இதில் பத்துகூடத் தேறாது. அதுவும் தகடுகளுக்குள் பூட்டியிருக்கிறது. நெற்பயிருக்கு இருப்பதோ நாலு மாசம். அமிலத்தில் ஊறவைத்தும் சூட்டில் வறுத்தும் பூட்டைத் திறக்க ஆராய்ச்சி நடக்கிறது. செலவு கட்டுப்படியாக வேண்டும்.

"அப்ப இந்த வருஷமும் மூட்டைதான்" என்றார்.

பொன்னேரியில் கூட்டம் இறங்கியது. அவர் கும்மிடிப்பூண்டி வரை வர வேண்டியவர். சட்டென்று எழுந்து, கதவருகே நின்று அப்பாவுக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, மூட்டை எத்தனை சொல்லணும்?"

வந்து பார்த்தால் அவர் சீட்டில் வேறொருவர் பொட்டாசியம் மாதிரி உட்கார்ந்திருந்தார்.