என் மூச்சுக்கு யார் கையெழுத்து?

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, 2015இல் இறக்கும்வரை படுக்கையில் கிடந்தார். அவருக்காக யார் பேசலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அவர் விருப்பத்தைச் சொல்ல அவரால் முடியவில்லை.

2018இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. 2023இல் எளிதாக்கியது: மாஜிஸ்திரேட் தேவையில்லை, இரண்டு சாட்சிகளும் நோட்டரியும் போதும்.

மேனாம்பேட்டில் வாடகை ஒப்பந்தத்துக்கு நோட்டரியைத் தேடுகிறோம். இதைப் பேசினால் மட்டும் “நல்ல வார்த்தை வராதா?” என்று வாயை அடைக்கிறோம். எழுதாவிட்டால், வென்டிலேட்டரை வைப்பதும் எடுப்பதும் கணவர், மகன் முடிவு. பாசம் வென்றாலும் பணக்கணக்கு வென்றாலும், கேட்கப்படாதவள் அவளே. நமக்காகப் பேச மகளின் பெயரையும் எழுதலாம். நம் உடல்மீது நம் சொல்லே கடைசிவரை செல்ல வேண்டும். நினைவோடு இருக்கும்போதே எழுதுங்கள், தோழிகளே.